கணக்குக்குள் அடங்காத சூரியன்

சென்னை நுங்கம்பாக்கத்தில் கல்லூரிச் சாலையை ஒட்டி வானிலை ஆய்வு மையம் இருக்கிறது. புயல் நாள்களில் தொலைக்காட்சிக் கேமராக்கள் மொய்க்கும் அந்த வளாகத்துக்குள், சாலையில் போகிறவர்களின் கண்ணில் படாத இடத்தில், 15 அடி உயரக் கருங்கல் தூண் ஒன்று நிற்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் இங்கே எழுப்பிய வானாய்வுக் கூடத்தின் கருவியைத் தாங்கிய தூண் அது. கூடத்தின் பெருமை வருங்காலத்துக்கும் தெரிய வேண்டும் என்று தமிழும் தெலுங்கும் உட்படப் பல மொழிகளில் அதில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தைப் பார்க்கப் புறப்படுகிறவர் இந்தத் தூணிலிருந்து புறப்படுவதுதான் முறை என்பேன். மலைமேல் இருக்கும் கூடம் இந்தக் கூடத்தின் வாரிசு. அதைவிட முக்கியமாக, இரண்டுக்கும் இடையே உள்ள சுமார் 500 கி.மீ. தூரம் இரண்டு வகை வானியலுக்கும் இடையே உள்ள தூரமாகவும் அமைந்துவிட்டது. ஒன்று கோள்கள் எங்கே, எப்போது இருக்கும் என்று கேட்டது. மற்றது சூரியன் என்னவாக இருக்கிறது, என்ன செய்கிறது என்று கேட்கிறது. முதல் கேள்விக்குக் கணக்கு போதும். இரண்டாவது கேள்விக்குக் கணக்கு போதாது, தினமும் பார்த்துப் பதிந்துவைத்தால்தான் உண்டு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் கொடைக்கானல் மலையில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடக்கும் வேலை ஏன் விலைமதிப்பற்றது என்பது விளங்கும்.

நுங்கம்பாக்கத்துக் கூடம் நூறு ஆண்டுகள் செய்த வேலையெல்லாம் இடமும் நேரமும் குறிப்பதுதான். டி. ஜி. டெய்லர் 11,015 விண்மீன்களின் இடங்களை அளந்து 1844-ல் பட்டியலிட்டார். நார்மன் போக்சன் 1861-ல் இங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டு அதற்கு ‘ஏசியா’ என்று பெயரிட்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அது. அவருக்கு உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டார். கண்ணால் பார்த்ததோடு ஒத்துப்போகும் கணிதத்தைக் கொண்டு பஞ்சாங்கத்தைத் திருத்தவும் பாடுபட்டார். இந்திய ரயில்கள் ஒரு காலத்தில் ஓடியது இந்தக் கூடம் காட்டிய மெட்ராஸ் நேரத்தில்தான். கோள்களின் இயக்கம் எவ்வளவு ஒழுங்கானது என்பதற்கு இதே கூடத்தோடு தொடர்புடைய இன்னொரு சான்றும் உண்டு. இங்கே சில காலம் வானியலாளர் பொறுப்பில் இருந்த ஜான் வாரன், புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் 1825-ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதைப் பதிவு செய்திருக்கிறார். கணிதர் கையில் ஏடு கிடையாது, எழுதுகோல் கிடையாது. சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்துக் கூட்டிக் கழித்தார். கிரகணம் முடியும் நேரம் கணிசமாகப் பிசகினாலும், தொடங்கும் நேரம் சுமார் 4 நிமிடமே தவறியது. வானத்தை அண்ணாந்து பார்க்காமல் இவ்வளவு சொல்ல முடிந்தது என்றால், அதில் அந்தக் கணிதரின் திறமை எவ்வளவோ, சூரியன், சந்திரன், பூமி மூன்றின் நடை ஒழுங்கும் அவ்வளவு.

அந்த ஒழுங்குக்குக் காரணம் எளிமையானது. சூரிய மண்டலத்தின் நிறையில் 99.8 விழுக்காடு சூரியனிடமே இருக்கிறது. மற்றவை எல்லாம் சேர்ந்தும் மிச்சச் சொச்சம்தான். அதனால் ஒவ்வொரு கோளும் ஏறக்குறைய சூரியனின் ஈர்ப்புக்கு மட்டுமே கட்டுப்பட்டு நீள்வட்டத்தில் சுற்றுகிறது. பிற கோள்களின் இழுப்பைச் சிறு திருத்தமாகச் சேர்த்துக்கொள்ளலாம். பூமி ஜனவரித் தொடக்கத்தில் சூரியனிலிருந்து சுமார் 14.7 கோடி கி.மீ. தொலைவிலும், ஜூலைத் தொடக்கத்தில் சுமார் 15.2 கோடி கி.மீ. தொலைவிலும் இருக்கிறது. அருகே இருக்கும்போது சற்று வேகமாகவும் தள்ளி இருக்கும்போது சற்று மெதுவாகவும் ஓடுகிறது. கெப்ளர் கண்ட இந்த விதியும் நியூட்டன் அதற்குச் சொன்ன காரணமும் கையில் இருந்தால் சில பார்வைகளே போதும். 1801-ல் கண்டுபிடித்த சிறிது காலத்திலேயே பார்வையிலிருந்து தவறிப்போன சீரிஸ் கோளைச் சொற்பப் பதிவுகளைக் கொண்டே காஸ் கணித்துக் கொடுத்தார். அதே ஆண்டு முடிவில் அது மறுபடி அகப்பட்டது. இங்கே கவனிக்க வேண்டியது, இந்தக் கணக்கை முன்னோக்கி மட்டுமல்ல, பின்னோக்கியும் ஓட்டலாம் என்பது. 1909 ஜனவரி 5 அன்று வியாழன் சிம்ம ராசியில் இருந்தது. அன்றிரவு உலகில் ஒருவர்கூட அதைப் பார்க்காமல் இருந்திருந்தாலும், அதை இன்று நாம் உறுதியாகச் சொல்லிவிடலாம். கோள்களின் கடந்த காலம் தொலைந்து போவதே இல்லை. குருப்பெயர்ச்சியைப் பல ஆண்டுகளுக்கு முன்பே அச்சிட்டுவிடும் எந்தப் பஞ்சாங்கத்திலும், அடுத்த மாதம் சூரியனில் எத்தனை புள்ளிகள் தோன்றும் என்று ஒரு பத்தி இருப்பதில்லை.

தெற்கே போகும் ரயில் திண்டுக்கல்லைத் தாண்டிக் கொடை ரோட்டில் நிற்கிறது. அங்கிருந்து வத்தலக்குண்டு வழியாக மலைச்சாலை. தென்னையும் வாழையும் பின்தங்க, பெருமாள்மலை தாண்டி, வெள்ளி அருவி தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் சாலை பழனி மலைத்தொடரின் மேலே ஏறுகிறது. ஆய்வுக்கூடம் இருப்பது 2,343 மீட்டர் உயரத்தில். ஊர்க்காரர்களுக்கு அந்தப் பகுதி முழுவதுமே ‘அப்சர்வேட்டரி’தான். இந்த ஏற்றம் சூரியனுக்குப் பக்கத்தில் போவதற்காக அல்ல. 15 கோடி கி.மீ. பயணத்தில் இரண்டு கி.மீ. ஒரு கணக்கே இல்லை. தூசியும் ஈரமும் கலந்த தாழ்வான காற்றடுக்கைக் கீழே விட்டுவிடுவதற்காகத்தான். சூரியனைப் பார்க்கிறவருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு: பார்க்கப்படும் பொருளே பார்க்கிற இடத்தைச் சூடாக்குகிறது. வெயில் ஏற ஏற, தரையிலிருந்து கிளம்பும் வெப்பக்காற்று பிம்பத்தைக் கலக்கிவிடும். அதனால் காலை உதயத்துக்குப் பிந்தைய ஓரிரு மணி நேரமே பொன்னான நேரம். உல்லாசப் பயணிகள் ஏரிக்கரையில் சைக்கிளை வாடகைக்கு எடுக்கும் வேளையில் இங்கே அன்றைய முக்கியமான வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும்.

இந்த மலைக்கு வானியல் ஏறி வந்த காரணம் வானியலல்ல, பசி. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். அந்த ஆண்டுகளில் சூரியனில் புள்ளிகள் மிகக் குறைவு. 1878 ஒரு சிறும ஆண்டு. டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர் 1877-ல் தென்னிந்தியாவின் வறட்சிக்கும் சூரியப் புள்ளிகளுக்கும் ஒரே சுழற்சி உண்டு என்று வாதிட்டு ஒரு நூல் எழுதினார். சூரியனைத் தொடர்ந்து பார்த்தால் மழை பொய்க்கும் ஆண்டை முன்கூட்டியே அறியலாம், தானியத்தைச் சேர்த்து வைக்கலாம் என்ற நம்பிக்கை அரசு வட்டாரத்திலும் பரவியது. கடற்கரை நகரான சென்னை இதற்கு உகந்ததல்ல என்பதால் நீலகிரியிலும் பழனி மலையிலும் இடம் தேடினார்கள். வானியலாளர் சார்லஸ் மிக்கி ஸ்மித் கொடைக்கானலைத் தேர்ந்தார். 1895-ல் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 1901-ல் முறையான பார்வைகள் தொடங்கின. 1850-ல் பாரிசின் லெரெபூர்–செக்ரத்தான் நிறுவனத்திடமிருந்து சென்னைக்கு வாங்கப்பட்ட 15 செ.மீ. தொலைநோக்கியும் சீரமைக்கப்பட்டு மலைக்கு வந்து சேர்ந்தது. 1904 முதல் வெயில் அடிக்கும் ஒவ்வொரு நாளும் சூரியனைப் படம் பிடிப்பது வழக்கமாயிற்று: வெண்ணொளியில் ஒரு படம், கால்சியத்தின் ஊதா நிறக் கோட்டில் ஒரு படம், 1912-லிருந்து ஹைட்ரஜனின் சிவப்புக் கோட்டிலும் ஒன்று.

மூன்று படம் எதற்கு என்று கேட்கலாம். சூரியனுக்கு ஒரே மேற்பரப்பு கிடையாது என்பதே பதில். இந்த வளாகத்தின் சுரங்கத் தொலைநோக்கி அதை நன்றாக உணர்த்தும். 11 மீட்டர் உயரக் கோபுரத்தின் மேலிருக்கும் ஆடி, சூரியனைப் பின்தொடர்ந்து ஒளியைக் கீழே இறக்குகிறது. அந்த ஒளி 60 மீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் சென்று, 36 மீட்டர் குவியத் தொலைவுள்ள 38 செ.மீ. வில்லையால் சுமார் 34 செ.மீ. அகலமுள்ள சூரிய பிம்பமாகிறது. அந்த அளவில் பூமியைப் பக்கத்தில் வரைந்தால் 3 மில்லிமீட்டர் புள்ளிதான். பிம்பத்தில் தெரியும் பிரகாசமான வட்டு, சுமார் 5,500 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஒளிமண்டலம். உலையில் அரிசி கொதிப்பதுபோல அங்கே சூடான வாயு மேலே வந்து, குளிர்ந்து, ஓரங்களில் கீழே இறங்குகிறது. அந்தக் கொதிப்பின் ஒவ்வொரு மணியும் ஏறத்தாழ 1,000 கி.மீ. அகலம், ஆயுள் பத்து நிமிடத்துக்குள். கால்சியக் கோட்டில் எடுத்த படம் அதற்கு மேலுள்ள நிறமண்டலத்தைக் காட்டும். சூரியனில் ஹைட்ரஜனோடு ஒப்பிட்டால் கால்சியம் மிக மிகச் சொற்பம். ஆனாலும் நிறமாலையில் அதன் கோடுகள் அத்தனை அழுத்தமாக இருப்பது ஏன் என்பதை 1920-ல் மேகநாத் சாகாவின் அயனியாக்கச் சமன்பாடு விளக்கியது. காந்தப்புலம் வலுத்த இடங்கள் இந்தப் படத்தில் பளிச்சென ஒளிரும். ஹைட்ரஜன் படத்திலோ, காந்தப்புலம் தாங்கிப் பிடித்திருக்கும் வாயு இழைகள் வட்டின்மேல் கருங்கோடுகளாகவும் விளிம்பில் தழல்களாகவும் தெரியும். இவற்றுக்கும் மேலே, பத்து லட்சம் பாகையைத் தாண்டிய கொரோனா, முழுச் சூரிய கிரகணத்தின்போது மட்டும் வெறும் கண்ணுக்குக் காட்சி தருகிறது.

கண்ணுக்கு எட்டாதது உள்ளே இருக்கிறது. மையத்தில் சுமார் ஒன்றரைக் கோடி பாகை வெப்பத்தில் ஹைட்ரஜன் ஹீலியமாகிறது. அந்த ஹீலியத்தின் மஞ்சள் கோட்டை உலகம் முதலில் கவனித்ததும் 1868 ஆகஸ்ட் 18-ல் குண்டூர், மசூலிப்பட்டினம் வழியாக நிழல் கடந்த கிரகணத்தின்போதுதான்; போக்சனும் அன்று மசூலிப்பட்டினத்தில் இருந்தார். மையத்தில் பிறக்கும் ஆற்றல் ஆரத்தின் பத்தில் ஏழு பங்கு தூரத்தைக் கதிர்வீச்சாக, இடித்து இடறி, லட்சக்கணக்கான ஆண்டுக் கணக்கில் கடக்கிறது. மிச்சத் தூரத்தில் வாயுவே புரண்டு அதைச் சுமந்துவருகிறது. இந்தப் புரளும் அடுக்கில்தான் தொல்லை தொடங்குகிறது. சூரியன் திண்மமான பந்தல்ல. நடுக்கோட்டுப் பகுதி சுமார் 25 நாள்களில் ஒரு சுற்றுச் சுற்ற, துருவப் பகுதி 35 நாள் வரை எடுத்துக்கொள்கிறது. மின்னூட்டம் பெற்ற வாயுவோடு ஒட்டிக்கொண்ட காந்தப்புலம் இதனால் இழுபட்டு, முறுக்கேறி, சில இடங்களில் மேலே பீறிட்டு வருகிறது. அந்த இடத்தில் புலம் கொதிப்பைத் தடுத்துவிடுவதால் கீழிருந்து வெப்ப வரத்து குறைகிறது; சுற்றியுள்ள பகுதியைவிட ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாகை குளிர்ந்து அது கரும்புள்ளியாகத் தெரிகிறது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஹேல் 1908-ல் புள்ளிகளில் வலிய காந்தப்புலம் இருப்பதை நிறுவினார்.

அதற்கு அடுத்த ஆண்டு, நான் மேலே குறித்த 1909 ஜனவரி 5 அன்று, கொடைக்கானலில் ஜான் எவர்ஷெட் ஒரு புள்ளியின் நிறமாலையைப் படம் பிடித்தார். புள்ளிகள் பெரும் சுழற்காற்றுகள் என்ற கருத்து அப்போது வலுவாக இருந்தது. அவரும் சுழற்சியைத்தான் எதிர்பார்த்தார். சுழற்சி இருந்தால், சூரிய வட்டின் மையத்திலிருந்து விளிம்பை நோக்கிப் புள்ளியை ஊடறுத்து நிறமாலைக் கருவியின் பிளவை வைக்கும்போது நிறமாலைக் கோடுகள் இடம் மாறக்கூடாது. குறுக்கே வைக்கும்போதுதான் மாற வேண்டும். நடந்தது நேர்மாறு. வாயு சுழலவில்லை, புள்ளியைச் சூழ்ந்த அரைநிழல் பகுதியில் மையத்திலிருந்து வெளிப்பக்கமாக, வினாடிக்குச் சுமார் 2 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எவர்ஷெட் விளைவு என்று உலகெங்கும் பாடநூல்களில் இடம்பெற்ற இந்த ஓட்டத்துக்கு நிறைவான விளக்கம் கிடைக்க, 2006-ல் ஏவப்பட்ட ஜப்பானின் ஹினோடே விண்கலமும் கணினிப் பாவனைகளும் வர வேண்டியிருந்தது. அவர் புள்ளிகளை ஆய்ந்தார் என்றால், மனைவி மேரி எவர்ஷெட் அதே மலையில் சூரியத் தழல்களைப் பற்றி ஆராய்ந்தார். இத்தாலியக் கவி தாந்தேயின் வானியலைப் பற்றியும் 1914-ல் ஒரு நூல் வெளியிட்டார். என் வாதத்துக்கு முக்கியமான செய்தி வேறு. அன்று வியாழன் இருந்த இடத்தை நாம் கணித்துவிடலாம். அன்று அந்தப் புள்ளி இருந்தது என்பதையும், அது என்ன வடிவில் இருந்தது என்பதையும் எந்தக் கணக்கும் தராது. கண்ணாடித் தகடு மட்டுமே அறியும்.

இதை மறுக்கிறவர்கள் முதலில் கேட்பது, சூரியனும் இயற்பியல் விதிகளுக்குக் கட்டுப்பட்டதுதானே, நாளைக்கு நல்ல கணினி வந்தால் அதையும் பின்னோக்கி ஓட்டிவிடலாமே என்பது. விதிகளுக்குக் கட்டுப்பட்டிருப்பது வேறு, கணிக்க முடிவது வேறு. இரண்டு பொருள்களின் ஈர்ப்புச் சிறு பிழையைப் பெரிதாக்குவதில்லை. கொந்தளிக்கும் வாயு பெரிதாக்கிவிடும். சூரியனின் 25-ஆவது புள்ளிச் சுழற்சி தொடங்கிய 2019-ல், அமெரிக்காவின் நாசாவும் நோவாவும் கூட்டிய நிபுணர் குழு, உச்சத்தில் புள்ளி எண் 115 அளவில் இருக்கும், அது 2025 நடுவில் வரும் என்றது. உச்சம் 2024 இறுதியிலேயே வந்தது; எண் 160-ஐத் தொட்டது. அந்தக் குழுவைக் குறைசொல்ல இதை எடுத்துக்காட்டவில்லை. இருந்தவற்றில் சிறந்த தரவும் சிறந்த மனிதர்களும் அங்கே இருந்தார்கள். ஐந்தே ஆண்டு தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவறிற்று. கிரகணத்தைச் சோழிகளால் சொல்லிவிட்ட நாட்டில் நின்றுகொண்டு இந்த இடைவெளியை எண்ணிப் பார்க்க வேண்டும். 1645 முதல் 1715 வரை எழுபது ஆண்டுகள் புள்ளிகள் ஏறக்குறைய அற்றுப்போயின. ஏன் போயின, மறுபடி எப்போது போகும் என்பதற்கு உறுதியான விடை இன்றும் இல்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் நயமானது, அதனால் அதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். புள்ளிச் சுழற்சி 11 ஆண்டு. வியாழன் சூரியனைச் சுற்றும் காலம் 11.86 ஆண்டு. அப்படியானால் சுழற்சியை இயக்குவது கோள்கள்தாமே, கோள்களைக் கணிக்க முடியும் என்றால் சூரியனையும் கணித்துவிடலாமே என்கிறார்கள். கோள் இயக்கமும் சூரியனின் செயல்பாடும் ஒன்றோடொன்று பிணைந்தே வரலாற்றில் வந்திருக்கின்றன என்பதும் உண்மை. ஜெர்மனியின் டெசாவ் நகர மருந்துக்கடைக்காரர் ஹென்ரிக் ஷ்வாபே 1826-லிருந்து நாள்தோறும் சூரியனைப் பார்த்தது, புதனுக்கும் உள்ளே ஒரு கோள் கடந்துபோகிறதா என்று தேடித்தான். கோளைப் புள்ளியோடு குழப்பிக்கொள்ளக் கூடாதென்று புள்ளிகளைக் குறித்துவந்தார். கோள் அகப்படவில்லை, 1843-ல் புள்ளிகளின் ஏற்ற இறக்கம் அகப்பட்டது. வியாழனின் இழுப்பால் சூரியனே அசைகிறது என்பதும் மெய்: இரண்டின் பொது நிறைமையம் சூரியனின் மேற்பரப்புக்குச் சற்று வெளியே விழுகிறது. ஆனால் வியாழனோடு சேர்ந்து சூரியன் முழு உடலாக விழுவதும் எழுவதும் அதன் உள்ளே எதையும் கலக்குவதில்லை. கலக்கக்கூடியது ஓதம்தான், வியாழன் சூரியனில் எழுப்பும் ஓதம் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாது. கால ஒப்புமையும் நிற்பதில்லை. 1755-ல் தொடங்கிய முதல் சுழற்சியிலிருந்து 2019 டிசம்பரில் முடிந்த 24-ஆவது சுழற்சி வரை எண்ணினால் சராசரி 11.0 ஆண்டு. அதே காலத்தில் வியாழன் சுற்றியது 22-க்குச் சற்று மேல். இரண்டும் கைகோத்து நடந்திருந்தால் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். ஏறத்தாழ இரண்டு சுற்று விலகிவிட்டது. தனிச் சுழற்சிகளின் நீளமும் 9 ஆண்டிலிருந்து 14 ஆண்டு வரை மாறியிருக்கிறது. வியாழன் ஒருபோதும் இப்படி நேரம் தவறியதில்லை. நீண்ட பதிவு இல்லாவிட்டால் இந்த ஒப்புமை பொய் என்பதைக்கூட நாம் அறிந்திருக்க முடியாது. மூன்று நான்கு சுழற்சிகளை மட்டும் பார்த்தவருக்கு அது உண்மையாகவே தோன்றும்.

விண்கலங்களின் காலத்தில் இந்த மலைக்கூடம் எதற்கு என்பது மூன்றாவது கேள்வி. 2023 செப்டம்பர் 2-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட ஆதித்யா-எல்1, 2024 ஜனவரி 6 முதல் பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில், இரவும் மேகமும் இல்லாத இடத்தில் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதன் முதன்மையான கொரோனா கருவியைச் செய்தது கொடைக்கானல் கூடத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனமே. கொடைக்கானலில் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் நாள் கணக்கில் சூரியனே தெரியாது. தெளிவிலும் தொடர்ச்சியிலும் விண்கலத்தோடு மலை போட்டி போட முடியாது; போட்டி போடவும் வேண்டாம். சூரியனை ஆராயும் சோகோ விண்கலம் ஏவப்பட்டது 1995-ல். அதற்குப் பின் மூன்று சுழற்சிகள்கூட முழுதாகக் கடக்கவில்லை. காந்தப்புலம் ஒவ்வொரு சுழற்சியிலும் வடக்கு தெற்கு மாறிக்கொள்வதால் முழு வட்டம் 22 ஆண்டு. சூரிய வட்டு முழுவதுக்குமான காந்தப்புல அளவீடுகள் ஒழுங்காகக் கிடைப்பது 1970-களிலிருந்துதான். அதற்கு முந்தைய எழுபது ஆண்டுகளுக்கு நம்மிடம் இருப்பது, காந்தம் வலுத்த இடம் ஒளிரும் கால்சியப் படங்கள். இவற்றையும் ஹைட்ரஜன் படங்களையும் கொண்டு மக்காரோவும் சிவராமனும் 1980-களில் வாயு இழைகள் சுழற்சிதோறும் துருவத்தை நோக்கி நகர்வதையும் துருவப் புலம் புரள்வதையும் பல பத்தாண்டுகள் பின்னோக்கிக் கண்டறிந்தார்கள். எந்த விண்கலமும் 1913-ஆம் ஆண்டுக்குத் திரும்பிப் போக முடியாது. லண்டனின் கிரீனிச் கூடம் 1874 முதல் 1976 வரை நடத்திய புகழ்பெற்ற புள்ளிப் பட்டியலிலும் இங்கிலாந்தின் மேகம் மறைத்த நாள்களைக் கொடைக்கானல், நன்னம்பிக்கை முனை முதலிய இடங்களின் படங்கள் நிரப்பியிருக்கின்றன.

பழைய பதிவு என்றைக்கு, எதற்கு உதவும் என்று எடுத்தவருக்கே தெரியாது என்பதற்குப் பம்பாய் கொலாபா காந்தக்கூடம் இன்னொரு சான்று. 1859 செப்டம்பர் 1-ல் ரிச்சர்ட் காரிங்டன் சூரியனில் ஒரு வெண்சுவாலையைக் கண்டார். அடுத்த நாள் பூமியின் காந்தப்புலம் வரலாறு காணாதபடி நடுங்கித் தந்திக் கம்பிகளில் பொறி பறந்தது. அன்று கொலாபாவில் ஊழியர்கள் வழக்கம்போல் கருவியைப் பார்த்து எண்களை எழுதினார்கள்; புலம் சுமார் 1,600 நானோடெஸ்லா சரிந்திருந்தது. 2003-ல் அந்த எண்களைத்தான் எடுத்து அந்தப் புயலின் வலிமையை மதிப்பிட்டார்கள். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாநிலத்தை இருளில் ஆழ்த்திய காந்தப்புயலைவிட அது எவ்வளவு பெரியது, இன்று வந்தால் மின்தொகுப்புகளும் செயற்கைக்கோள்களும் என்னவாகும் என்று எண்ணிப் பார்க்க இது அடிப்படையாயிற்று. தந்தி காலத்து எழுத்தரின் கையெழுத்து இன்றைய மின்பொறியாளருக்குப் பயன்படுகிறது.

கொடைக்கானல் தன் மூல நோக்கத்தில் தோற்றதே என்பவர்களுக்கும் நேரான பதில் வேண்டும். ஆம், தோற்றது. புள்ளிகளைக் கொண்டு மழையைச் சொல்ல முடியவில்லை. இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் பல இடங்களின் மழைக்கணக்கைப் புள்ளி எண்களோடு ஒப்பிட்டுத் தொடர்பு மிக வலுவற்றது என்று கண்டார். பசிபிக் பெருங்கடலுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடையே காற்றழுத்தம் ஊசலாடுவதை அடையாளம் கண்டு பருவமழை ஆய்வை வேறு திசைக்குத் திருப்பினார். ஒரு சுழற்சியில் சூரியன் தரும் மொத்த ஆற்றல் மாறுவது ஏறத்தாழ 0.1 விழுக்காடுதான் என்று பின்னால் செயற்கைக்கோள்கள் அளந்தன. இன்றைய புவி வெப்பமாதலுக்குச் சூரியனைக் காரணம் காட்டுகிறவர்களும் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்: கடந்த சில பத்தாண்டுகளில் சூரியன் தரும் ஆற்றல் கூடவில்லை, பூமியின் வெப்பம் கூடியிருக்கிறது. இப்படி உறுதியாகச் சொல்ல, சூரியனின் பழைய நிலையை மதிப்பிடும் நீண்ட பதிவும் தேவைப்படுகிறது. பஞ்சத்தைக் கணிக்க எடுத்த படங்கள் பஞ்சத்தைக் கணிக்கவில்லை. சூரியனைப் பற்றிய தவறான வாதங்களை அளந்து ஒதுக்க உதவுகின்றன. நோக்கம் மாறினாலும் பழக்கம் மாறாமல் காத்த தலைமுறைகளுக்கு அந்தப் பெருமை சேர வேண்டும்.

கடைசி மறுப்பு, அறிவியலாளர்களே எழுப்புவது. நூறாண்டில் கருவி மாறியிருக்கிறது, தகட்டின் பூச்சு மாறியிருக்கிறது, பிளவின் அகலம் மாறியிருக்கிறது, எடுத்தவர் மாறியிருக்கிறார். இப்படிப்பட்ட சீரற்ற தொடரை ஒரே அளவுகோலாகக் கொள்ளலாமா? கொள்ளலாம், உழைத்தால். ஒவ்வொரு படத்திலும் சூரிய வட்டு மையத்திலிருந்து விளிம்புக்குப் போகப்போக மங்கும் விதம் நமக்குத் தெரிந்ததே. அதையே அந்தப் படத்துக்கான அளவுகோலாக்கலாம். கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனும் பாரிஸ் அருகேயுள்ள மெதோனும் எடுத்த படங்களோடு ஒரே நாளுக்கு ஒப்பிட்டுப் பிழையைக் களையலாம். இந்த ஒப்பீடு சாத்தியமாக வேண்டுமென்றால் பழைய தொடர் முடியுமுன் புதிய தொடர் தொடங்கிச் சில காலம் இரண்டும் சேர்ந்து ஓட வேண்டும். கொடைக்கானலில் கால்சியத் தகட்டுப் படங்கள் 2007-ல் நின்றன. புதிய இரட்டைத் தொலைநோக்கி மின்னணுக் கண்ணோடு 2008-ல் தொடங்கியது. ஒன்றன்மேல் ஒன்று படியாத இப்படிப்பட்ட விளிம்புகளை ஒட்டவைக்கப் பிற நாட்டுப் படங்களையே நம்ப வேண்டியிருக்கிறது. இனி எந்தக் கருவியை மாற்றினாலும் ஓராண்டாவது பழையதையும் ஓடவிட வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு விண்கலத்தின் செலவோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை. தகடுகளையும் அப்படித்தான் காக்க வேண்டும். அவற்றை எண்ணிமப் படங்களாக்கும் வேலை முதலில் குறைந்த நுணுக்கத்தில் நடந்தது. பிறகு 4,096-க்கு 4,096 புள்ளிகள் கொண்ட உணரியால், 16 பிட் ஆழத்தில், மறுபடி செய்தார்கள். முதல் முறை படியெடுத்ததும் கண்ணாடியைக் கழித்துக் கட்டியிருந்தால் இரண்டாவது முறை நடந்திருக்காது. இன்னும் நல்ல உணரி வரும். மூன்றாவது முறையும் தேவைப்படும். அதுவரை ஈரமும் பூஞ்சையும் அண்டாத அறையில், மலைக்குளிரில், அந்தத் தகடுகள் இருந்தாக வேண்டும்.